கண்ணை எடுத்தப்புறம் ஆர்பி1 ஜீனைப் பத்தி யாராவது பேசுனாங்களா?

குழந்தைக்குக் கண்ணுல கேன்சர், ரெட்டினோபிளாஸ்டோமான்னு டாக்டர் சொன்ன உடனே பெத்தவங்க மனசு ரெண்டே கேள்விலதான் நிக்கும். உயிர் பொழைக்குமா, கண்ணு பொழைக்குமா. நாங்களும் அப்படித்தான் நின்னோம். ஆனா இந்த நோய்ல இன்னொரு பாதி இருக்குங்க, ஆர்பி1னு ஒரு ஜீன், அதைப் பத்தி எங்களை உக்கார வச்சு ஒரு ஜெனடிக் கவுன்சிலர் மேடம், அதாவது ஜீன், பரம்பரை விஷயத்தை விளக்கிச் சொல்றவங்க, பொறுமையா பேசுனதாலதான் எங்க பையனோட இன்னொரு கண்ணு இன்னிக்கு முழுசா இருக்கு, அவனுக்கு அப்புறம் பொறந்த பொண்ணை மாசாமாசம் மயக்க மருந்து குடுத்துப் பாக்க வேண்டிய நிலைமையும் வரல. வெயிட்டிங் ஹால்ல நான் பாத்த நிறைய அம்மாங்களுக்கு இந்தப் பாதியை யாருமே சொல்லல. ஆபரேஷன் ஆச்சு, செயற்கைக் கண்ணு வச்சாச்சு, ஊருக்குப் போயிட்டாங்க. அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

எங்க வீடு பெரம்பூர்ல. பையனுக்கு ஒரு வயசு தாண்டினப்ப வலது கண்ணு லேசா ஓரமா போக ஆரம்பிச்சுது. வீட்ல பெரியவங்க மாறுகண்ணு அதிர்ஷ்டம்னு சொன்னாங்க, பக்கத்து கிளினிக்ல காட்டினா வளர வளர சரியாயிடும்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் காது குத்து வச்சோம், அன்னிக்கு எடுத்த போட்டோவைப் பாத்துட்டு என் கொழுந்தனார்தான் முதல்ல கேட்டாரு, ஏன் அண்ணி எல்லா போட்டோலயும் இவனுக்கு ஒரு கண்ணு சிவப்பா இருக்கு, இன்னொண்ணு வெள்ளையா மின்னுதுன்னு. ஃபிளாஷ் போட்டு எடுத்தது எல்லாத்துலயும் அதே கண்ணு. நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல. அடுத்த நாளே பெரிய கண் ஆஸ்பத்திரி ஒண்ணுக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம்.

இந்த வெள்ளை மின்னலைப் பத்தி கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா இதைப் படிக்கறவங்க உடனே போனை எடுத்து குழந்தை போட்டோ எல்லாத்தையும் பெருசு பண்ணிப் பாப்பீங்க. ஒரே ஒரு போட்டோல, குழந்தை ஓரமா பாக்கும்போது ஒரு கண்ணு வெள்ளையா தெரிஞ்சா அது நரம்பு இருக்கற இடத்துல வெளிச்சம் பட்டு திரும்பினதா இருக்கலாம். கண்புரை, கோட்ஸ்னு ஒரு ரத்தக்குழாய் பிரச்சனை, இன்னும் சில காரணங்களாலயும் வரலாம். ஆனா நேரா பாக்கற போட்டோல, அதே கண்ணு, திரும்பத் திரும்ப வெள்ளையாவோ மஞ்சளாவோ தெரிஞ்சா அந்த வாரத்துக்குள்ளயே கண் டாக்டர்கிட்ட போங்க, கண்மணியை விரிய வைக்கற சொட்டு மருந்து போட்டு விழித்திரையை முழுசா பாக்கச் சொல்லுங்க. வீட்ல எடுத்துப் பாக்கணும்னா ரூமை மங்கலா வச்சு, ஃபிளாஷ் ஆன் பண்ணி, ரெட் ஐ குறைக்கற செட்டிங்கை ஆஃப் பண்ணிட்டு, கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க. போட்டோல ஒண்ணும் தெரியல, ஆனா மாறுகண்ணு இருக்குன்னா அப்பவும் காட்டணும். வெள்ளை மின்னலுக்கு அடுத்தபடியா இந்த நோய் தலைகாட்டுற விதமே மாறுகண்ணுதான்.

மயக்கம் குடுத்துப் பாத்தாங்க, ஸ்கேன்ல கட்டிக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சது தெரிஞ்சுது, எம்ஆர்ஐ எடுத்தாங்க. என் மாமா ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம எப்படி கேன்சர்னு சொல்றாங்கன்னு. கண்ணுக்குள்ள ஊசி குத்தி கட்டியைத் தொட்டா அந்த ஓட்டை வழியாவே செல்லு வெளிய பரவிடும், அதனால இந்த கேன்சருக்கு பயாப்ஸி, அதாவது அந்த சதை டெஸ்ட் இல்லாமலே, பாத்தும் ஸ்கேன் வச்சும்தான் முடிவு பண்றாங்க. சிடி ஸ்கேனையும் முடிஞ்ச அளவு தவிர்க்கறாங்க, காரணம் கீழ வருது.

எங்களுக்குச் சொன்னது குரூப் ஈ. கண்ணுக்குள்ள நோய் எவ்வளவு முத்தியிருக்குன்னு ஏ-ல இருந்து ஈ வரைக்கும் பிரிக்கறாங்க, ஈ-ன்னா பெரும்பாலும் கண்ணை வச்சுக் காப்பாத்தறது கஷ்டம். கண்ணை எடுக்கணும்னு டாக்டரம்மா சொன்னப்ப என் வீட்டுக்காரர் எழுந்து வெளிய போயிட்டாரு. வேற ஊர்ல நாட்டு மருந்து இருக்கு, சொட்டு விட்டா கரையும்னு சொல்ல எங்க சொந்தத்துல நாலு பேர் இருந்தாங்க. எனக்கு அந்த டாக்டரம்மா சொன்னது மட்டும் மனசுல நின்னுச்சு: அந்தக் கண்ணுல பார்வை ஏற்கனவே போயிடுச்சும்மா, நோய் இன்னும் கண்ணுக்குள்ளதான் இருக்கு, உள்ள இருக்கும்போதே எடுத்துட்டா குழந்தை பொழைச்சுடுவான், நரம்பு வழியா மூளைக்குப் போயிட்டா நம்ம கையில இல்ல. நல்ல வசதி இருக்கற நாடுகள்ல இந்த நோய் வந்த குழந்தைங்கள்ல 95 சதவீதத்துக்கு மேல பொழைச்சுடறாங்க. உலகத்துலயே ரெட்டினோபிளாஸ்டோமா குழந்தைங்க அதிகமா இருக்கறது நம்ம நாட்லதான், இங்க உயிர் போறது பெரும்பாலும் லேட்டா வர்றதால, இல்லாட்டி கண்ணை எடுக்கச் சொன்னதும் பயந்துபோய் பாதில விட்டுட்டுப் போறதால. தயவுசெஞ்சு போகாதீங்க.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்த கவுன்சிலர் மேடம் எங்களைக் கூப்பிட்டு ஒரு விஷயம் கேட்டாங்க, எடுக்கற கட்டில இருந்து கொஞ்சம் சதையை ஜீன் டெஸ்ட்டுக்காக தனியா எடுத்து வைக்க சம்மதமான்னு. எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியல, கையெழுத்து போட்டேன். ஒரு கண்ணுல மட்டும் வந்த குழந்தைக்கு இது ரொம்ப முக்கியம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. உங்க ஆஸ்பத்திரில அவங்களா கேக்கலைன்னா நீங்க கேளுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. பேத்தாலஜிக்கு, அதாவது சதைப் பரிசோதனைக்கு, மெழுகுல பதிச்சு வைக்கற பிளாக்ல இருந்தும் அப்புறமா டிஎன்ஏ எடுக்கலாம்தான், ஆனா ஃபிரெஷ்ஷா எடுத்து வச்சா டெஸ்ட் ஒழுங்கா வரும். கூடவே குழந்தையோட ரத்தமும் ஒரு டியூப் எடுப்பாங்க. பேத்தாலஜி ரிப்போர்ட்ல கண் நரம்பு வெட்டின முனை, கோராய்டுங்கற விழித்திரைக்குப் பின்னாடி இருக்கற ரத்தக்குழாய் படலம், ரெண்டும் நோய் இல்லாம கிளீனான்னு கேளுங்க. எங்களுக்கு கிளீனா இருந்துச்சு, அதனால கீமோ தேவைப்படல.

இப்ப ஜீன் கதைக்கு வரேன். நான் படிச்சது பி.காம், அதனால எனக்குப் புரிஞ்ச மாதிரிதான் சொல்வேன், ஆனா மேடம்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்டு சரி பாத்துக்கிட்ட விஷயம் இது. நம்ம செல்லு ஒவ்வொண்ணுக்குள்ளயும் 13ஆம் நம்பர் குரோமோசோம்ல ஆர்பி1 ஜீன் இருக்கு, அப்பாகிட்ட இருந்து ஒரு காப்பி, அம்மாகிட்ட இருந்து ஒரு காப்பி. அந்த ஜீன் செய்யற புரோட்டீன் பேரு ஆர்பி புரோட்டீன், 928 அமினோ ஆசிட் கோத்த ஒரு பெரிய புரோட்டீன். செல்லு ரெண்டா பிரியறதுக்கு முன்னாடி அதைத் தடுத்து நிறுத்தி வைக்கறதுதான் இதோட முக்கியமான வேலை. எப்படி நிறுத்துதுன்னா, இ2எஃப்னு இன்னொரு புரோட்டீன் கூட்டம் இருக்கு, டிஎன்ஏவைக் காப்பி எடுக்கத் தேவையான ஜீன்களை எல்லாம் ஆன் பண்ணறது அதுங்கதான், ஆர்பி போய் அந்த இ2எஃப்பைப் புடிச்சு வச்சுக்கும், விடாது. செல்லு நிஜமாவே பிரிய வேண்டிய நேரம் வந்தா சிடிகே4, சிடிகே6னு ரெண்டு என்சைம் வந்து ஆர்பி மேல பாஸ்பேட்டை ஒட்டும், ஒட்டினதும் பிடி தளரும், இ2எஃப் வெளிய வரும், செல்லு பிரியும். வேலை முடிஞ்சதும் பாஸ்பேட் போயிடும், திரும்ப பிடிச்சுக்கும். தினம் தினம் உடம்பு முழுக்க இது நடந்துக்கிட்டே இருக்கு.

மேடம் எங்களுக்கு இதை கொருக்குப்பேட்டை கேட்டை வச்சுத்தான் விளக்கினாங்க, எங்க பக்கத்து ஆளுங்களுக்கு அந்த ரயில்வே கேட்டைத் தெரியாம இருக்காது. அந்த கேட்டுக்கு ரெண்டு கேட் கீப்பர் டூட்டில இருக்காங்கன்னு வச்சுக்கங்க, ஒருத்தர் வரலைன்னாலும் இன்னொருத்தர் கேட்டைப் போட்டுடுவாரு, ஒரு பிரச்சனையும் இல்ல. ரெண்டு பேரும் இல்லாமப் போனாதான் விபத்து. ஆர்பி1 காப்பி ரெண்டும் அப்படித்தான். விழித்திரையில வளர்ற செல்லு ஒண்ணுல ரெண்டு காப்பியும் கெட்டுப்போனா, அந்த ஒரு செல்லு நிக்காம பிரிஞ்சுகிட்டே போய் கட்டியாகுது.

இதை முதல்ல கணக்குப் போட்டுச் சொன்னவர் ஆல்ஃப்ரெட் நட்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர், 1971ல. ஜீனையே யாரும் கண்ணால பாக்காத காலம் அது. ஹூஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்த 48 குழந்தைங்களோட கேஸை எடுத்து, ரெண்டு கண்ணுலயும் வந்தவங்களுக்கு சின்ன வயசுலயே வருது, ஒரு கண்ணுல மட்டும் வந்தவங்களுக்கு கொஞ்சம் தள்ளி வருதுன்னு பாத்து, அப்போ முதல் வகைக்கு ஒரு அடி, அதாவது ஒரு காப்பி கெடறது, பொறக்கும்போதே விழுந்திருக்கணும், ரெண்டாவது வகைக்கு ரெண்டு அடியும் கண்ணு செல்லுக்குள்ளயேதான் விழணும்னு சொன்னாரு. 1986ல அந்த ஜீனையே கண்டுபிடிச்சப்ப அவர் சொன்னது சரின்னு ஆச்சு, கேன்சரைத் தடுக்கற ஜீன்கள்ல முதல்ல கைக்குக் கிடைச்சது இந்த ஆர்பி1தான். ஒரு குழந்தையோட கண் நோயில இருந்து உலகத்து கேன்சர் படிப்பே திரும்பிச்சுன்னு மேடம் சொன்னப்ப எனக்கு என்னமோ ஒரு மாதிரி ஆயிடுச்சு, வார்த்தை வரல. கர்ப்பப்பைவாய் கேன்சரை உண்டாக்கற எச்பிவி வைரஸ் பண்ணற வேலையிலயும் இதுதான் மாட்டுது, அந்த வைரஸோட இ7ங்கற புரோட்டீன் நேரா போய் ஆர்பியைத்தான் செயலிழக்க வைக்குது. நுரையீரல்ல வர்ற ஸ்மால் செல் கேன்சர்ல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஆர்பி1 போயிருக்கும். என் சித்தி மார்பகக் கேன்சருக்கு பால்போசிக்ளிப் மாத்திரை சாப்பிடறாங்க, அது சிடிகே4, 6 ரெண்டையும் தடுக்கற மருந்து, அதாவது ஆர்பியோட பிடி தளராம பாத்துக்கற மருந்து. ஒரே குடும்பத்துல ரெண்டு பேருக்கு ரெண்டு வேற கேன்சர், நடுவுல அதே புரோட்டீன். இது பரம்பரையா வந்த தொடர்பு இல்ல, வெறும் தற்செயல்னு மேடம் அழுத்திச் சொன்னாங்க, நானும் அழுத்திச் சொல்லிடறேன்.

பெத்தவங்களுக்குத் தெரிய வேண்டிய முக்கியமான இடம் இனிமேதான். ரெண்டு கண்ணுலயும் கட்டி வந்தா, அந்தக் குழந்தையோட உடம்புல எல்லா செல்லுலயும் ஒரு காப்பி ஏற்கனவே கெட்டிருக்குன்னே எடுத்துக்கணும், பரம்பரை வகை அது. ஒரு கண்ணுல மட்டும் வந்தா பெரும்பாலும் அந்த ஒரு செல்லோட போச்சு, ஆனா அவங்கள்லயும் சுமார் 15 சதவீதம் பேருக்கு எல்லா செல்லுலயும் ஒரு காப்பி கெட்டிருக்கும். வெளிய இருந்து பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ரத்த டெஸ்ட் பண்ணாதான் தெரியும். மொத்தமா பாத்தா 100 குழந்தைங்கள்ல 40 பேருக்குக் கிட்ட இந்தப் பரம்பரை வகை, ஆனா குடும்பத்துல ஏற்கனவே யாருக்காவது இருந்தது 10 பேருக்குத்தான். அதனால எங்க வம்சத்துலயே இது இல்லையே, எங்களுக்கு எதுக்கு ஜீன் டெஸ்ட்னு சொல்லாதீங்க. எங்க வம்சத்துலயும் இல்ல.

முதல்ல கட்டியில டெஸ்ட் பண்ணி, அங்க எந்த ரெண்டு மாற்றம் இருக்குன்னு கண்டுபிடிச்சு, அப்புறம் அதே மாற்றம் ரத்தத்துல இருக்கான்னு தேடுனாங்க. கட்டியை எடுத்து வச்சது இதுக்குத்தான். எங்களுக்கு ரத்தத்துல ஒண்ணு இருந்துச்சு. ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு, அந்த இடத்துல புரோட்டீன் செய்யறது பாதிலயே நின்னுடுதுன்னு சொன்னாங்க. அப்ப எனக்கு கண்ணை எடுக்கச் சொன்ன அன்னிக்கு விட அதிகமா பயம் வந்துச்சு, ஏன்னா இடது கண்ணு இருக்கே. ஆனா அந்த ரிப்போர்ட் கைல இருந்ததாலதான் இடது கண்ணை விடாம, சில வாரத்துக்கு ஒரு தடவை மயக்கம் குடுத்து விழித்திரையோட ஓரம் வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்படிப் பாத்ததுல ஒரு தடவை ஓரத்துல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. போட்டோல தெரியற அளவெல்லாம் இல்ல, பையன் பார்வையில ஒரு மாற்றமும் இல்ல. லேசர் வச்சு சுட்டாங்க, இன்னொரு தடவை தொட்டாங்க, அடங்கிடுச்சு. கீமோ இல்ல, கண்ணு போகல. ரிப்போர்ட் இல்லாம, ஒத்தைக் கண்ணு கேஸ்தானேன்னு இடைவெளி விட்டுப் பாத்திருந்தா அந்தப் புள்ளி எவ்வளவு பெருசாகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது.

டெஸ்ட் எடுக்கும்போது லேப்ல கேக்க வேண்டியது ரெண்டு மூணு இருக்கு. வெறும் எழுத்து வாசிக்கற சீக்வென்சிங் மட்டுமா, இல்ல ஜீன்ல ஒரு துண்டே காணாமப் போயிருந்தாலும் கண்டுபிடிக்கற எம்எல்பிஏ மாதிரி டெஸ்ட்டும் சேத்தான்னு கேளுங்க. ஆர்பி1ல பெரிய துண்டு விடுபடறது கணிசமா உண்டு, சீக்வென்சிங் அதைக் கோட்டை விட்டுடலாம். அப்புறம் மொசைக், அதாவது உடம்புல கொஞ்ச செல்லுல மட்டும் மாற்றம் இருக்கறது, அதுவும் சாதாரண டெஸ்ட்ல தப்பிக்கலாம், ஆழமா வாசிக்கற முறை இருக்கான்னு கேளுங்க. ரிப்போர்ட்ல பேத்தோஜெனிக்னு இருந்தா நோய் தர்ற மாற்றம்னு அர்த்தம், வியுஎஸ்னு இருந்தா இப்போதைக்கு அர்த்தம் தெளிவில்லன்னுதான், அதை வச்சு நீங்களா எந்த முடிவும் எடுக்காதீங்க. கூகுள்ல பாத்து கலங்கறதை விட ரிப்போர்ட்டை எடுத்துட்டு ஜெனடிக் கவுன்சிலர் முன்னாடி போய் உக்காருங்க. சென்னையில கண் சம்பந்தமான ஜெனடிக்ஸுக்கு நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவுல தனிப் பிரிவே இருக்கு. அரசாங்கத்துல எழும்பூர் கண் ஆஸ்பத்திரி இருக்கு, 1819ல ஆரம்பிச்சது. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் இருக்கு, முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல தொடங்கினது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆபரேஷனுக்கும் கீமோவுக்கும் எது வரும்னு இன்சூரன்ஸ் கவுண்டர்ல முதல் நாளே கேளுங்க, ஜீன் டெஸ்ட் அதுல வருமான்னு தனியா கேளுங்க, வராதுன்னா சோஷியல் ஒர்க்கரைப் பாருங்க, டிரஸ்ட் வழியா உதவி வாங்கித் தருவாங்க.

பழி விஷயத்தையும் பேசணும். நானும் என் வீட்டுக்காரரும் சொந்தம், அவர் எனக்கு அத்தை பையன். பையனுக்கு இப்படின்னு தெரிஞ்சதும் ஒரு பக்கம் சொந்தத்துல கட்டினதாலதான்னு பேச்சு, இன்னொரு பக்கம் நான் மாசமா இருந்தப்ப கிரகணத்தன்னிக்கு வெளிய வந்துட்டேன்னு பேச்சு. ரெண்டாவதை நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன், அவ்வளவு தடவை சொன்னாங்க. மேடம் என் அத்தையையும் சேத்து உக்கார வச்சுதான் பேசுனாங்க. சொந்தத்துல கல்யாணம் பண்ணா சில நோய் வர வாய்ப்பு கூடும், உண்மைதான், ஆனா அது அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் அதே கெட்ட காப்பி ஒளிஞ்சிருந்து ரெண்டும் ஒரே குழந்தைக்குப் போய்ச் சேர்ற நோய்ங்களுக்கு. இது அந்த வகை இல்ல, இதுல பொறக்கும்போது ஒரு காப்பி கெட்டிருந்தாலே போதும், இன்னொண்ணு அப்புறம் கண்ணுக்குள்ளயே கெட்டுடும், யாரை யார் கட்டியிருந்தாலும் வரலாம். எங்க ரெண்டு பேர் ரத்தமும் பாத்தாங்க, ரெண்டு பேருக்கும் அந்த மாற்றம் இல்ல. பையன்கிட்டதான் புதுசா ஆரம்பிச்சிருக்கு. இப்படிப் புதுசா வர்ற மாற்றம் பெரும்பாலும் விந்தணு உருவாகும்போது நடக்கற எழுத்துப் பிழைன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க, உடனே இவர் மேல பழியைத் தூக்கிப் போடக் கூடாது, லட்சக்கணக்குல காப்பி எடுக்கும்போது யார் உடம்புலயும் நடக்கற விஷயம் அது, அவர் சாப்பிட்டதோ குடிச்சதோ செஞ்ச வேலையோ காரணம் இல்ல. கிரகணமும் இல்ல. என் அத்தை அன்னிக்கு ஒண்ணும் பேசல, வீட்டுக்கு வந்து எனக்கு காபி போட்டுக் குடுத்தாங்க, அதுக்கப்புறம் அந்தப் பேச்சை யாரு எடுத்தாலும் அவங்களே அடக்குவாங்க. மருந்து மாத்திரையை விட அது எனக்குத் தெம்பா இருந்துச்சு. உங்க வீட்லயும் பேசற பெரியவங்களை கவுன்சிலிங்குக்கு கூட்டிட்டுப் போங்க, நாம வந்து சொல்றது வேற, அவங்க காதால கேக்கறது வேற.

ரெண்டாவது தடவை நான் மாசமானப்ப, எங்க ரத்தத்துல இல்லையே, அப்ப இந்தக் குழந்தைக்கு வாய்ப்பே இல்லதானேன்னு கேட்டேன். ரொம்பக் குறைவு, ஆனா சைபர் இல்லன்னாங்க. ரத்தத்துல தெரியாம, முட்டையிலயோ விந்தணுவுலயோ மட்டும் அந்த மாற்றம் கொஞ்சம் இருக்கலாம். பனிக்குட நீரை எடுத்து வயித்துல இருக்கும்போதே பாக்கலாம், இல்ல பொறந்ததும் தொப்புள் கொடி ரத்தத்துல பாக்கலாம். நாங்க ரெண்டாவதை எடுத்தோம். பிரசவம் பாக்கற டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லி, டியூபை வாங்கி பையிலயே வச்சிருந்தோம், ராத்திரி பிரசவமானாலும் மறக்கக் கூடாதுன்னு என் தங்கச்சி அதுக்குன்னே நின்னா. எந்த எழுத்து மாறியிருக்குன்னு பையன் ரிப்போர்ட்ல இருந்ததால லேப் அந்த ஒரு இடத்தை மட்டும் பாத்தா போதும், செலவும் குறைவு, பதிலும் சீக்கிரம். பொண்ணுக்கு இல்ல. பதில் வர்ற வரைக்கும் சும்மா இருக்கல, பொறந்த முதல் வாரத்துலயே அவ கண்ணையும் பாத்துட்டாங்க. எங்க குடும்பத்தோட மாற்றம் என்னன்னு தெரியாம இருந்திருந்தா, பொறந்ததுல இருந்து ஸ்கூல் போற வயசு வரைக்கும் திரும்பத் திரும்ப பட்டினி போட்டு, மயக்கம் குடுத்து, பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு ஆரோக்கியமான குழந்தைக்கு அத்தனை மயக்க மருந்து. பையனுக்கு எடுத்த ஒரு டெஸ்ட் அவன் தங்கச்சியை அதுல இருந்து காப்பாத்திடுச்சு. உங்களுக்கு ஏற்கனவே வேற பிள்ளைங்க இருந்தா அவங்க கண்ணை உடனே காட்டுங்க, ஜீன் ரிசல்ட்டுக்காக காத்திருக்காதீங்க.

செயற்கைக் கண்ணு பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்ல, பயந்த அளவுக்கு இல்லவே இல்ல. ஆபரேஷன்ல உள்ள ஒரு உருண்டை வைக்கறாங்க, மேல தற்காலிகமா ஒரு ஓடு, சுமார் ஆறு வாரம் கழிச்சு புண்ணு ஆறினதும் அளவெடுத்து இடது கண்ணைப் பாத்துப் பாத்து கலர் தீட்டி செஞ்சு தர்றாங்க. தினமும் கழட்ட வேண்டாம், தொட்டா கை கழுவணும், வளர வளர மாத்தணும், வருஷா வருஷம் பாலிஷ் போடணும். ஆனா கண்ணாடியில கறாரா இருங்க. நல்லா இருக்கறது ஒரே கண்ணு, அதுக்குப் பவர் இல்லாட்டியும் பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட கண்ணாடி எப்பவும் போட்டிருக்கணும், கிரிக்கெட் பால், பம்பரம், தீபாவளி பட்டாசு எல்லாத்துலயும் நாங்க விட்டுக்குடுக்கறதே இல்ல. ஸ்கூல்ல கிளாஸ் மிஸ்கிட்ட சொல்லி வலது பக்கமா உக்கார வச்சோம், அப்பத்தான் கிளாஸ் முழுக்க அவனோட இடது கண்ணு பக்கம் வரும்.

மயக்கம் குடுக்கற நாள்ல குழந்தை பசில அழறதுதான் பெத்த மனசுக்குப் பெரிய தண்டனை. எத்தனை மணி வரைக்கும் பால், எத்தனை மணி வரைக்கும் தண்ணின்னு எழுதி வாங்கிக்கங்க, சின்னக் குழந்தைங்களை லிஸ்ட்ல முதல்ல எடுக்கச் சொல்லிக் கேளுங்க, கேட்டா செய்யறாங்க. சளி, காய்ச்சல் இருந்தா மறைக்காதீங்க.

இனி சொல்லப்போறதை எழுதவே எனக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா யாரும் சொல்லாம விடறதும் இதைத்தான். ரத்தத்துல ஆர்பி1 மாற்றம் இருக்கற குழந்தைக்கு கண்ணு நோய் முடிஞ்சாலும் உடம்புல எல்லா செல்லுலயும் ஒரு காப்பி இல்லாமத்தான் வாழ்க்கை. அதனால பிற்காலத்துல எலும்புல வர்ற ஆஸ்டியோசார்கோமா, தசைப் பக்கம் வர்ற சார்கோமா, தோல்ல வர்ற மெலனோமா, இதெல்லாம் மத்தவங்களை விட வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் வரும்னு இல்ல. முன்ன காலத்துல கண்ணுக்கு வெளிய இருந்து ரேடியேஷன் குடுத்த குழந்தைங்களுக்கு, அதுவும் ஒரு வயசுக்குள்ள குடுத்தவங்களுக்கு, இது ரொம்பக் கூடிச்சு, அதனாலதான் இப்ப அந்த ரேடியேஷனை வேற வழியே இல்லாட்டித்தான் தொடறாங்க. நான் முன்னாடி சொன்ன சிடி ஸ்கேன் விஷயமும் இதுக்குத்தான். பையன் கீழ விழுந்து தலையில அடிபட்டு எமர்ஜென்சிக்குப் போனாலும், இவனுக்கு ஆர்பி1 மாற்றம் இருக்குங்க, எம்ஆர்ஐயோ வேற வழியோ முடியுமான்னு முதல்ல சொல்லணும். உயிருக்கு ஆபத்துன்னா சிடி எடுக்கத்தான் வேணும், அப்ப தடுக்கக் கூடாது. மூளைக்குள்ள பீனியல் சுரப்பியிலயும் இதே மாதிரி கட்டி சிலருக்கு வரும்ங்கறதால சின்ன வயசுல அப்பப்ப மூளைக்கும் எம்ஆர்ஐ பாத்தாங்க. வளர்ற வயசுல கால் வலின்னு சொன்னா எல்லாரும் வளர்ற வலின்னு விட்டுடுவாங்க. இந்தக் குழந்தைங்களுக்கு அப்படி விடக் கூடாது, ஒரே இடத்துல வலி நின்னா, வீக்கம் இருந்தா, ராத்திரில எழுப்புற வலியா இருந்தா உடனே கேன்சர் டாக்டரைப் பாக்கணும். சிகரெட் வாழ்நாள் முழுக்க வேண்டாம். மெட்ராஸ் வெயில்ல தொப்பி, முழுக்கை சட்டை.

பையனோட பிள்ளைங்களுக்கு இது போக ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. அப்ப வயித்துலயே பாக்கலாம், கருவை ஆய்வகத்துல சோதிச்சு வைக்கற முறையும் இருக்கு, அது அவன் பெரியவனாகி அவன் முடிவு பண்ண வேண்டியது. பதினாலு பதினஞ்சு வயசுல அவனைத் தனியா கூட்டிட்டு வாங்க, உங்களை வெளிய உக்கார வச்சுட்டு அவன்கிட்ட நானே பேசறேன்னு மேடம் சொல்லியிருக்காங்க. அதுவரைக்கும் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல வச்சிருக்கோம்: பேத்தாலஜி, கட்டியோட டெஸ்ட், ரத்த டெஸ்ட், எங்க ரெண்டு பேர் ரிப்போர்ட், பொண்ணோட ரிப்போர்ட். ஒரு காப்பி என் மெயில்ல, ஒரு காப்பி என் தங்கச்சி வீட்ல. 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரி ஃபைலே மொத்தமா நனைஞ்சு போச்சு, அதனால பேப்பரை மட்டும் நம்பாம ஸ்கேன் பண்ணியும் வைங்க, மாற்றத்தோட பேரை ரிப்போர்ட்ல இருக்கற மாதிரியே எழுத்து மாறாம போன்லயும் சேவ் பண்ணி வைங்க.